விரதம் என்று நாங்கள் எண்ணியது

இறைவனை நினைந்து உடல் மெலிவதைப் பேறென்று போற்றும் பாடல்களை இளமை முதல் ஓதி வருகிறேன். நான் செய்த பிழையும் அதிலிருந்தே பிறந்தது. பாடலறியாத ஒருவர் அதைச் செய்திருக்கவே மாட்டார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. வில்லாபுரத்துப் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் வெள்ளிதோறும் மாலையில் பதிகம் ஓதும் குழுவை நான் நடத்திவந்தேன். அதில் என் நெருங்கிய நண்பர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற சேலை வணிகர். வீட்டில் சௌராஷ்டிர மொழி பேசுபவர். மகன் பம்பாயில் இருந்தான். மனைவி காலமானபின் அவர் தனியே வாழ்ந்தார்.

அந்த ஆண்டு சித்திரைக்குப் பின் அவர் ஒரு பொழுது மட்டுமே உண்ணலானார். பேச்சைக் குறைத்தார். விடியுமுன் எழுந்து அமர்ந்துவிடுவதாகச் சொன்னார். எங்கள் கண்ணுக்கு அவை யாவும் பக்தியின் கனிவாகத் தெரிந்தன.

“நம்மாளு அடுத்த வருசம் காவி கட்டிருவாரு பாருங்க,” என்றார் தாளம் போடுபவர். “அப்ப உங்க பட்டு வேட்டிய எனக்குக் குடுத்துருங்கண்ணே!”

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அதையும் அடக்கம் என்றே கொண்டு, குழுவின் முன் நான் அவரைப் புகழ்ந்தேன்.

அப்போது அவர் வலக்காலில் செருப்புக் கடித்து ஒரு புண் வந்தது. நெடுநாளைய சர்க்கரை நோயாளி. இரண்டு மாதமாகியும் அது ஆறவில்லை. இப்படியே போனால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று அறுவை மருத்துவர் கூறிவிட்டார். அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போகும் பொறுப்பை நான் ஏற்றேன்.

அங்கே ஓர் இளம் பெண் மருத்துவர், சர்க்கரை நோயாளிகளின் மனநிலையைப் பற்றி ஆராய்ந்து வந்தார். கையில் கேள்வித்தாளோடு எங்கள் எதிரே அமர்ந்தார்.

“நல்லாப் பசிக்குதா ஐயா?”

நண்பர் வாய் திறக்குமுன் நான் சொன்னேன்: “அவர் ஒரு பொழுதும்மா. விரதம்.”

“தூக்கம் எப்படி?”

“விடியுமுன்னே எந்திரிச்சு ஜபத்துல உக்காந்துருவாரு.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். “ஐயா, சர்க்கரை உங்களுக்கா, அவங்களுக்கா?”

நண்பர் தம் காற்கட்டைப் பார்த்தபடி பேசினார்.

“விரதமெல்லாம் ஒண்ணுமில்லண்ணே. சோத்தப் பாத்தாலே பிடிக்கல. முழிப்பு வந்துருது, என்ன செய்றதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். ஜபமும் இல்ல. இருந்து என்ன ஆகப்போகுதுன்னு மாத்திரையும் பாதி நாள் போடுறதில்ல.”

“எப்ப இருந்து ஐயா?”

“வீட்டுல எங்க பாஷை பேச ஆளில்லாமப் போனதுல இருந்து.”

மருத்துவர் தெளிவாக விளக்கினார்: “மனசு சோர்ந்தா மருந்து, சாப்பாடு எல்லாம் தவறுது, சர்க்கரை ஏறுது, புண் ஆற மாட்டேங்குது. புண் ஆறலைன்னு மனசு இன்னும் சோருது. ஒண்ணு ஒண்ண இழுக்குது. அதனால ரெண்டுக்கும் சேத்தே வைத்தியம் பாப்போம்.”

உயிரையும் உடலையும் சேர்த்தே வைத்தவனைப் பாடும் எனக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. காற்புண்ணுக்கு ஊசியும் கட்டும் தொடர, மனத்துக்கும் மாத்திரை தொடங்கியது. வாரம் ஒருமுறை மருத்துவரோடு உரையாடலும் இருந்தது.

அடுத்த வெள்ளியன்று, நண்பரின் இசைவோடு, குழுவில் நடந்ததைச் சொல்லி என் பிழையையும் ஒப்புக்கொண்டேன். தாளம் போடுபவர் விடவில்லை.

“பதிகத்துல தீராததா மாத்திரையில தீரப்போகுது?”

“கால்ல கட்டுப் போட்டப்ப இதக் கேக்கலயே மாப்ள?” என்றேன். அவர் தாளத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

நாள்தோறும் எங்களில் ஒருவர் நண்பரோடு அமர்ந்து மதிய உணவு உண்பதென்று முறை வைத்தோம். அவர் மொழி பேசும் அன்பர் ஒருவர் மாலைகளில் வந்தார். இருவரும் எதையோ சொல்லிச் சண்டையிடுவார்கள். ஒரு சொல்லும் புரியாமல் அருகிலிருந்த எனக்கு, அவர் குரல் உயர்வதே போதுமானதாக இருந்தது.

ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாதம் தப்பியது. தை மாதத்தில் அவர் கைத்தடியோடு மண்டபத்துக்கு வந்து, ஓதி முடித்ததும் சுண்டலை வாயிலிட்டார். முகம் சுளித்தார்.

“இம்புட்டு உப்பா! எந்தப் புண்ணியவான் அவிச்சது?”

அவித்தவன் நான்தான். சொல்வதற்குள் அவர் மறுபடியும் கை நீட்டினார்.