மாமா சாம்பாரைச் சோதித்த விதம்

பயணத்தில் நல்ல உணவகத்தைக் கண்டறியும் கலையில் என் தாய்மாமாவுக்கு நிகர் மைசூரில் எவருமில்லை என்று எங்கள் குடும்பமே நம்பியது. கைப்பேசி காட்டும் நட்சத்திரங்களை அவர் மதிப்பதில்லை. வண்டியை நிறுத்துவார், தாம் மட்டும் உள்ளே போவார், திரும்பி வந்து தீர்ப்பளிப்பார்.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்குப் பின் அதுவே முதற்பயணம். பெங்களூரில் ஒரு திருமணம். ஸ்ரீரங்கப்பட்டணம் தாண்டியதும் அம்மா, "தம்பி, தாங்கல, எங்கயாச்சும் நிறுத்து" என்றார். பசி என்றே எண்ணினோம். மாமாவோ அடுத்தடுத்து மூன்று உணவகங்களை நிராகரித்தார்.

"இங்கயும் சாம்பார் செரியில்லக்கா."

பதினொரு வயதில் பள்ளிச் சொற்போரில் முதற்பரிசு வென்றிருந்த எனக்கு அத்தீர்ப்புகளில் ஐயம் பிறந்தது. நான்காவது உணவகத்தில் அவரறியாமல் பின்தொடர்ந்தேன். அவர் சமையலறைப் பக்கமே திரும்பவில்லை. நேரே கொல்லைப்புறம் சென்று, பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம், பெண்கள் கழிவறையில் தண்ணீர் வருகிறதா, நாற்காலிபோல் உட்காரும் வசதி உண்டா, தாழ்ப்பாள் விழுமா என்று கன்னடத்தில் விசாரித்தார். அவள் தலையாட்டியதும் திரும்பி வந்து, "சாம்பார் சூப்பர், இறங்குங்க!" என்றார்.

அம்மா கொல்லைப்புறம் போய்வந்து அமரும்வரை பொறுத்திருந்தேன். பிறகு, மேசையைத் தட்டி எழுந்தேன்.

"அவையோரே! மாமா சாம்பாரைத் தொடக்கூட இல்லை. லேடீஸ் டாய்லெட்டை விசாரித்துவிட்டுச் சாம்பாருக்குச் சான்றிதழ் தருகிறார்!"

பக்கத்து மேசைவரை சிரிப்பு பரவியது. அத்தைக்குப் புரையேறியது.

"அடப்பாவி! லேடீஸ் டாய்லெட்ல உனக்கென்னய்யா வேலை?" என்றார் அப்பா.

மாமா என் அம்மாவைப் பார்த்தார். பின், என் பக்கம் திரும்பி இரு கைகளையும் தூக்கினார்.

"மாட்டிக்கிட்டேன் தாயி. காலையிலேர்ந்து எனக்கு வயிறு செரியில்ல. எது காலியா இருந்தாலும் ஓடலாம்னு கேட்டேன். சும்னே, காரணமே இல்லாம சாம்பார் மேல பழி போட்டுட்டேன்."

அப்பா அவரை அன்று முழுதும் கேலி செய்தார். மாமா ஒவ்வொரு கேலிக்கும் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார். வென்ற பெருமிதத்தில் நான் இன்னொரு வடை கேட்டு வாங்கினேன். அம்மா மட்டும் தட்டிலிருந்து கண்ணெடுக்கவில்லை. பரிமாறியவர் தண்ணீர் ஊற்ற வந்தபோது தம் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

பெங்களூர் சேரும்வரை அவர் ஒரு மிடறு நீரும் அருந்தவில்லை. தாகமே இல்லை என்றார். நான் நம்பினேன்.