சுடுகாட்டு மல்லி

"இந்த மருந்து நித்தியகல்யாணிச் செடியிலேருந்து வந்தது, தெரியுமா ஆன்ட்டி?" என் கழுத்துக் கட்டிக்கான மூன்றாவது மருந்துப் பையை மாட்டியபடி தாதி கேட்டாள்.

"அப்போ இலையைக் காய்ச்சியே குடிச்சிருக்கலாமா?"

"ஐயோ, அது பாய்சன் லா!"

எனக்குக் குழப்பமாகிவிட்டது. நான் சிறுமியாக இருந்த அறுபதுகளில், சிங்கப்பூர் கேலாங்கில் எங்கள் அத்தாப்பு ஓலைக் கூரை வீட்டின் சாக்கடையோரம் முழுக்க அந்த ஊதாப் பூதான். அப்பா அதைச் சுடுகாட்டு மல்லி என்பார், தொடவே விடமாட்டார். அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தபோது, பக்கத்து வீட்டுக் கதீஜா அக்கா சொன்னாரென்று, அப்பா வேலைக்குப் போனதும் அம்மா அதன் இலையைக் காய்ச்சிக் குடிப்பாள். அந்தக் கசப்பு நெடி மதியம்வரை அடுப்படியிலேயே நிற்கும்.

ஒருநாள் என் விரலைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்து, "வத்தியிருக்குல்ல?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சும்மா தலையாட்டினேன்.

சுடுகாட்டுப் பூவைக் குடித்தால் அம்மா சுடுகாட்டுக்கே போய்விடுவாளோ என்ற பயத்தில், அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒரு செடி விடாமல் பிடுங்கி எறிந்தார். அம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசவுமில்லை. அந்தத் தீபாவளிக்கு அவள் இல்லை.

நான் விஷத்தைத் தடுத்தேனா, மருந்தையா? இதை யாரிடம் போய்க் கேட்பது?

"கட்டி வத்தியிருக்கா ஆன்ட்டி?" என்றாள் தாதி.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். அன்று போலவே தெரியவில்லை. தலையாட்டினேன்.