யெப்பெ தூக்கிய கை

சிட்செல் அக்காவுக்கு அந்த மரத்தரை என்றால் உயிர். கட்டாந்தரையிலேயே காலம் தள்ளியவளுக்குத்தான் அதன் அருமை தெரியும். டென்மார்க்கில் பிறந்து, கணவர் யெப்பெயோடு புது தேசத்துக்குக் கப்பலேறி, மாட்டு வண்டிக்குப் பின்னால் சமவெளி முழுக்க நடந்து வந்தவள். வழியில் ஒரு பெண் குழந்தையைப் பறிகொடுத்தாள். சான்பீட் பள்ளத்தாக்குக்கு வந்த பிறகும் ஐந்து வருஷம் மேட்டைக் குடைந்த பொந்தில்தான் குடித்தனம். மழை பெய்தால் கூரையிலிருந்து சேறு வழிந்து கஞ்சிப் பானையில் விழும். ஒரு தடவை பாம்பே விழுந்தது.

பிறகு யெப்பெ சுடாத மண்கல்லால் வீடு கட்டினார். மலையிலிருந்து பைன் மரம் இழுத்து வந்து, பிளந்து, இழைத்து, தரை போட்டார். அக்கா சனிக்கிழமைதோறும் மணல் போட்டுத் தேய்ப்பாள். பூட்ஸ் காலோடு யாராவது நுழைந்தால் தொலைந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

யெப்பெ நல்ல மனுஷன்தான், ஆனால் சரியான முந்திரிக்கொட்டை. எங்கள் சபையில் எதற்கும் வலது கையைத் தூக்கித்தான் சம்மதம் சொல்வோம். புது வாய்க்கால் வெட்ட, பள்ளிக்கூடத்துக்கு விறகு கொடுக்க, எல்லாவற்றுக்கும் கைதான். பிஷப் ஹார்ட்வெல் ஆங்கிலத்தில் கேட்பார். எங்கள் டேனிஷ் ஆட்கள் முன்வரிசை ஆங்கிலேயர்களைப் பார்த்துவிட்டு மெதுவாகத் தூக்குவார்கள். யெப்பெ மட்டும் பிஷப் வாயை மூடுவதற்குள் தூக்கிவிடுவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் என்று அக்கா வரவில்லை. பிஷப் கேட்டார்: "தெற்கே பாலைவனத்துல பருத்தி போட ஆள் வேணும். குடும்பத்தோட போய் அங்கயே தங்கறதுக்கு யாருக்கு மனசிருக்கு?" முன்வரிசையில் ஒரு கை எழவில்லை. யெப்பெயின் கை மட்டும் கம்பம் மாதிரி நின்றது. பிஷப் கண் கலங்கிப்போய் அவரைக் கட்டிப்பிடித்தார். யெப்பெயும் சிரித்துக்கொண்டே முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஐயோ கடவுளே!

சின்ன வயதில் ஆங்கிலேயர் வீட்டில் வேலை பார்த்ததால் எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். ஓடிப்போய் அக்காவிடம் சொன்னது நான்தான்.

"யோவ், என்ன காரியம்யா பண்ணிட்டு வந்திருக்க?" என்று அவள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "எதுக்குக் கேக்கறாங்கன்னு கூடத் தெரியாமயா கையத் தூக்குவாங்க? என்னைப் பாரு. இங்கிலீஷ்காரிங்க கிட்ட வெண்ணெய் வித்தே எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். ஒரு வார்த்தை தப்பாது!"

"கடவுள் முன்னாடி தூக்கின கை. இறக்க முடியாது."

"முடியாதா? புரியலன்னு எழுந்து சொல்லு. பிஷப் என்ன உன்னைக் கடிச்சா திங்கப் போறாரு?"

இத்தனை வருஷமாய்ப் புரியாமல் கை தூக்கினேன் என்று ஊர் முன்னால் சொல்வதைவிடப் பாலைவனத்தில் வேகலாம் என்பது யெப்பெயின் எண்ணம். வீம்பு!

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் அக்கா ஓயாமல் திட்டினாள். யெப்பெ குனிந்த தலை நிமிராமல் வண்டிச் சக்கரத்துக்கு மசகு போட்டார். புதன்கிழமை திட்டு நின்றுவிட்டது. நான் மோர் வாங்கப் போனபோது அவள் சாமான்களைப் பெட்டியில் அடுக்கி முடித்துவிட்டுத் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விட்டுப் போகிற தரையை!

"பலகையைப் பேத்து வண்டியில ஏத்திக்கட்டுமா?" என்று யெப்பெ வாசலில் நின்று கேட்டார்.

"வேணாம். வர்றவங்க நடக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான். பிறகு தேய்த்த ஈரத்திலேயே உட்கார்ந்து இடுப்பில் கட்டிய வேலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யெப்பெ முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது.

மறுநாள் மாதத்தின் முதல் வியாழன், உபவாச நாள். வயிறு காய உட்கார்ந்து, மனதில் பட்டதை எழுந்து சொல்லும் கூட்டம். யெப்பெ எழுந்தார். டேனிஷில் பேசினார், நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"எனக்கு இங்கிலீஷ் ஒரு எழவும் புரியாது. இத்தனை வருஷமா சும்மாதான் கையத் தூக்கறேன். வாய்க்காலுக்குத் தூக்கினேன். ஞாயித்துக்கிழமை எதுக்குத் தூக்கினேன்னு என் பொண்டாட்டி சொல்லித்தான் தெரியும். கடவுள் போன்னா போறேன். ஆனா அவர் என்னைக் கேட்கவே இல்ல. கேட்டிருந்தா டேனிஷ்லதான் கேட்டிருப்பாரு. எனக்கு அதுதான் புரியும்னு அவருக்குத் தெரியுமே."

முன்வரிசை குலுங்கிச் சிரித்தது. பிஷப்பும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தெற்கே போறவங்க பட்டியல்லேர்ந்து உங்க பேரை அடிச்சிட்டேன், சகோதரரே. வீட்டுக்குப் போங்க" என்றார். நான் அதைச் சொன்னதும் யெப்பெ தொப்பென்று பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா என் கையை நசுக்கியே விட்டாள்.

பிஷப்புக்கு அப்போது என்னவோ தோன்றியிருக்க வேண்டும். "இந்த மாதிரி புரியாம கை தூக்கறவங்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. நான் எழுந்து அதையே டேனிஷில் கேட்டேன்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. பிறகு இரண்டு. பிறகு கூடத்தில் பாதிக்கு மேல் கையாகவே நின்றது. பிஷப் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

என் பக்கத்தில் சிட்செல் அக்கா காது வரை சிவந்து உட்கார்ந்திருந்தாள். உபவாச நாளில் பொய் சொல்ல மனது வரவில்லை போலிருக்கிறது. அவள் கையும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனது.

ஆண்கள் பக்கத்திலிருந்து யெப்பெ அதைப் பார்த்துவிட்டார். சபை என்றும் பாராமல் கத்தினார்:

"அடியே, கையை இறக்குடி! தெற்கே அனுப்பிடப் போறாங்க!"