பொம்மை பேசிய தமிழ்

அன்று பொம்மையைச் சுற்றி நின்றது மூன்று பேர்: மஞ்சுளா சிஸ்டர், சோமண்ணா, நான். பயிற்சி கொடுக்கும் சார் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொம்மைக்காகப் பேச வேண்டியவர் அவர்தான். பேய், ஆவி, சாமி வருவது எதையும் நான் நம்பியவன் இல்லை. அப்பா மைசூரில் கட்டட வேலை செய்து படிக்க வைத்தார், எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், புத்தகத்தில் இருப்பதைத்தான் நம்பினேன்.

எங்கள் மூவரையும் போன்ற கிராமத்துச் சுகாதார நிலைய நர்ஸுகளுக்கு மைசூரில் அவசர சிகிச்சைப் பயிற்சி. கட்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை. பக்கத்து அறையில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சார் மைக்கில் முனகுவார், அது பொம்மையின் தொண்டையிலிருந்து கேட்கும். அன்று மதியம் பாம்புக்கடிப் பாடம். பொம்மையின் வலது முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியிருந்தது. நம்பினால் நம்புங்கள், அது தமிழில் பேசியது, அதுவும் கர்நாடக எல்லையில், கொள்ளேகாலைத் தாண்டிய எங்கள் பக்கத்துத் தமிழ்.

"கட்ட அவுத்து வுடு சாமி, காலு மரத்துப் போச்சு."

"உனக்குன்னே ஆள் புடிச்சிருக்காருப்பா சார்" என்று சோமண்ணா கன்னடத்தில் கிசுகிசுத்தார். சாருக்குத் தமிழே தெரியாது, அதனால் நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்து ஏறாமல் கட்டை அவிழ்க்கக் கூடாது என்பது பாடம். "கொஞ்சம் பொறுங்கண்ணா" என்றேன், பொம்மையிடம்.

"அவகிட்ட ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு சாமி." பிறகு தெளிவாக, "எனக்கு ஒரு செருப்பு போதுஞ் சாமி. இன்னொண்ண யாருக்காச்சும் குடுத்துரு."

அதை நான் கன்னடத்தில் சொன்னதும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கும் முன் வெளிக்கதவைத் திறந்துகொண்டு சார் வந்தார், கையில் ஹெல்மெட். வண்டி பஞ்சராம். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மைக் அறைப் பூட்டைத் திறந்தார். உள்ளே யாரும் இல்லை.

நடந்ததைச் சொன்னேன். சார் மற்ற இருவரையும் பார்த்தார். "நாங்க ஒண்ணும் கேக்கல சார்" என்றார் சோமண்ணா. மஞ்சுளா சிஸ்டர் ஊசித் தட்டை அடுக்க ஆரம்பித்தார்.

"நிஜ நோயாளி வந்தா என்ன பண்ணுவே, பூஜையா?" என்று கேட்ட சார், எல்லோர் முன்னாலும் பொம்மையின் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார். சான்றிதழில் அவர் கையெழுத்து வேண்டுமே, கும்பிட்டேன். சித்திரை மாத வெயில், ஆனால் கயிறு கட்டிய கால் மட்டும் சில்லென்று இருந்தது.

மழைக்காலத்தில் எங்கள் சுகாதார நிலையத்துக்குக் கௌதள்ளி கிராமத்திலிருந்து வேலுச்சாமியைத் தூக்கி வந்தார்கள். கண்ணாடி விரியன், வலது கால். விடியற்காலையில் முழங்காலுக்குக் கீழே மாட்டுக் கயிற்றால் இறுக்கியிருக்கிறார்கள், வந்து சேர்ந்தது மதியம், பாதம் கறுத்துவிட்டது. மனைவி அவர் செருப்பைக் கையில் பிடித்திருந்தாள்.

"கட்ட அவுத்து வுடு சாமி, காலு மரத்துப் போச்சு." அதே குரல்.

டாக்டர் இருந்தார், மருந்து ஏற்றினோம், மெல்லத் தளர்த்தினோம், ஒன்றையும் தப்பாகச் செய்யவில்லை. மைசூருக்கு அனுப்ப ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "அவகிட்ட ஆட்டுக்குத் தண்ணி காட்டச் சொல்லு சாமி" என்றார். அடுத்ததை மட்டும் சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்று கதவு சாத்தும்வரை வாய்க்குள் முணுமுணுத்தேன். அவர் சொல்லவில்லை. கால் தப்பியது என்று நினைத்து, சோமண்ணாவுக்குப் போன் செய்தேன். "பொம்மை சௌக்கியமாப்பா?" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

பிறகு ஒருநாள் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேலுச்சாமி ஊன்றுகோலோடு வந்தார், சிரித்த முகமாக. பையிலிருந்து வலது கால் செருப்பை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

"எனக்கு ஒரு செருப்பு போதுஞ் சாமி. இன்னொண்ண யாருக்காச்சும் குடுத்துரு."

அந்தச் செருப்பு இன்னும் கட்டுப் போடும் அறையில் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. யாருக்குக் கொடுப்பது? வெயில் நாளிலும் அது சில்லென்று இருக்கிறது, தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை, இரண்டு காலையும் நீட்டி மைசூரில் படுத்திருக்கிறது. வேலுச்சாமிக்குப் போனது வலது கால், கயிறு கட்டிய இடத்திலிருந்து கீழே முழுவதும்.