குழுவில் போட்ட படம்

மைசூர் விஜயநகரில் எங்கள் தெருப் பெண்கள் மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு மளிகை வாங்கித் தருகிறோம். கொடுத்ததும் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். அந்த மாதம் என் முறை.

கால் உடைந்து, மார்க்கெட்டுக்குப் போக முடியாமல் இருந்த பூக்காரி செல்வியிடம் பையை நீட்டிவிட்டு போனைத் தூக்கினேன்.

“ஒரு நிமிஷம் இருங்கக்கா” என்று நொண்டியபடி உள்ளே போனவள், பட்டுப்புடவையில் வந்தாள். ஸ்கூட்டரில் கலைந்திருந்த என் தலையை வாரினாள். சாமி படத்துக்கு வைத்திருந்த மல்லிகையில் பாதியை எனக்குச் சூட்டினாள். பையை ஓரமாக நகர்த்திவிட்டு என் தோளில் கை போட்டாள்.

“வீட்டுக்கு வந்திருக்கீங்க, சேர்ந்து எடுத்துக்கலாம். எனக்கும் அனுப்புங்க.”

படத்தைக் குழுவில் போட்டதும் ஒருத்தி ரொம்ப நல்லா இருக்கென்று கன்னடத்தில் பாராட்டிவிட்டுக் கேட்டாள்: “தும்பா சென்னாகிதே. இதுல கொடுத்தது யாரு, வாங்கினது யாரு?”

தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.