மூன்றடி பத்து அங்குலத்தில் ஒரு கார்

எங்கள் வீட்டுக்கு வருகிற ஒழுங்கையின் அகலம் மூன்றடி பத்து அங்குலம். ஓட்டோ நுழையாது. மோட்டார் சைக்கிள் நுழையும். வட்டுக்கோட்டையில் உள்ள நாய்கள் எல்லாம் நுழைந்து தங்கள் காரியத்தை முடித்துவிட்டுப் போகும். ஒரு பக்கம் எங்கள் மதில், மறுபக்கம் அயல்வீட்டுக்காரனின் தகரவேலி. அவனுடைய குசினித் தண்ணீர் வேலிக்கு அடியால் கசிந்து, சோற்றுப் பருக்கையும் மீன் செதிலுமாகக் கறுத்துக் கிடக்கும். அந்த நாற்றம் எங்கள் சாப்பாட்டு மேசை வரைக்கும் வரும். இந்த அசிங்கத்துக்கு நடுவால்தான் கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு என் மனைவியை ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

அவளுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தந்த சக்கரக் கதிரை பத்தடி போய்ச் சேற்றில் இறுகி நின்றது. ஆகவே தெருவில் நிற்கிற ஓட்டோ வரைக்கும் தூக்கவேண்டும். முதுகுப் பக்கத்தை நான் பிடிப்பேன். கதிரையின் முன்கால்களைப் பிடிக்க ஒருவன் வேண்டுமே! அதற்கு அயல்வீட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. அவன் வெற்றிலையை அதக்கிக்கொண்டே வருவான். வழியில் துப்புவான். தெருவில் போகிறவர்களைப் பார்த்து, "அண்ணிக்கு இன்னும் ஏலாது" என்று அறிவிப்பான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரிக்கு அவள் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு மட்டும் வரமாட்டேன் என்றாள். முப்பது வருசம் ரீச்சராக இருந்தவள், பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்றவள். "ஆஸ்பத்திரிக்கு எண்டால் வருத்தக்காரி, தூக்குங்கோ. சேர்ச்சுக்கு நான் சாமான் மாதிரி வரமாட்டன்" என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். சொல்லிமுடிக்க அவளுக்கு ஒரு நிமிசம் எடுத்தது. இரண்டு வருசமாக ஞாயிறு காலையில் மணிச் சத்தம் கேட்டதும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நான் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஒழுங்கைக்குள் நுழைகிற கார் கடையில் இல்லாவிட்டால் நானே செய்கிறேன் என்று முடிவெடுத்தேன். சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கினேன். என்னுடைய பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சின், ஓட்டோவின் சில்லுகள், இரும்புக் குழாயில் சட்டம். அகலம் மூன்றடி நாலு அங்குலம். பக்கத்துக்கு மூன்று அங்குலம் மிச்சம். முன்னால் நான், எனக்குப் பின்னால் அவள்.

வரைய வரையத் தொல்லைகள் வந்தன. பக்கத்தில் கதவு வைத்தால் ஒழுங்கைக்குள் அதைத் திறக்க முடியாது. கதவைப் பின்னுக்கு வைத்தேன், பலகை ஒன்று சரிந்து இறங்குகிற மாதிரி. மோட்டார் சைக்கிள் எஞ்சினுக்கு றிவேர்ஸ் கிடையாது. எங்கள் ஒழுங்கையோ முட்டுச் சந்து. உள்ளே வந்தால் பின்னுக்குத்தான் போகவேண்டும். ஒரு கிழமை மண்டையைப் பிய்த்து, செயினுக்கும் அச்சுக்கும் நடுவில் ஓட்டோவின் றிவேர்ஸ் பெட்டியைப் பொருத்தி வரைந்தேன். எஞ்சினுக்குக் காற்றுப் போக வழி, சூடு அவளுடைய காலில் படாமல் தகரத் தடுப்பு. முப்பது பக்கம் போனது. உண்மையைச் சொன்னால், அந்தக் கொப்பியோடு இருந்த நேரம் மட்டும்தான் எனக்கு யார் மீதும் எரிச்சல் வரவில்லை.

சட்டம் வெல்டு பண்ணக் கேட்கப்போன இடத்தில், "செத்துப்போன ஓட்டோ ஒண்டின்ரை பதிவுப் புக்கை எடுத்துக் கொழுவுங்கோ ஐயா, ஆர் பாக்கப்போறாங்கள்?" என்றான் கடைக்காரன். இந்த ஊரில் வாகனம் ஓடுமா என்று ஒருவனும் கேட்பதில்லை, புக் இருக்கா என்றுதான் கேட்பான். புக் இருந்தால் ஆட்டுக்குட்டியையும் கார் என்று ஓட்டுவார்கள். சீ என்று போய்விட்டது. களவுப் பதிவில் என் மனைவியைத் தேவனுடைய வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன், எல்லாம் சட்டப்படி நடக்கவேண்டும் என்று அவனுக்கு ஒரு பிரசங்கம் வைத்துவிட்டு வந்தேன்.

கொப்பியை எடுத்துக்கொண்டு வாகனப் பரிசோதகர் ஒருவரிடம் போனேன். நல்ல மனிதர். ஒரு பக்கம் விடாமல் பார்த்தார். றிவேர்ஸ் பெட்டியைப் பார்த்து, "கெட்டித்தனம்" என்றார். பிறகு அகலத்தில் விரலை வைத்தார்.

"ஐயா, உது முதல் வளைவிலையே கவிழும். நாலரை அடிக்குக் குறைச்சு எண்டால் நான் கையெழுத்து வைக்கமாட்டன். ஏன் இவ்வளவு ஒடுக்கமாய்க் கீறியிருக்கிறியள்?"

"எங்கடை ஒழுங்கை அவ்வளவுதான்."

"காருக்காக ஒழுங்கையை அகட்டினதைக் கண்டிருக்கிறன். ஒழுங்கைக்காகக் காரை ஒடுக்கினதை இண்டைக்குத்தான் காணுறன்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் காணி உறுதிப் பத்திரத்தில் அந்த ஒழுங்கை பத்தடி வண்டில் பாதை என்று எழுதியிருக்கிறது. மீதி எங்கே போனது? அயல்வீட்டுக்காரனின் வயிற்றுக்குள் போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மனைவியின் கதிரையைத் தூக்குகிற கையாலேயே வேலியையும் தள்ளி வைத்திருக்கிறான்! வீட்டுக்குப் போகாமல் நேரே அவனுடைய படலை வாசலில் போய் நின்று கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுதக் கூசுகிறது. அவனுடைய தகப்பனையும் விடவில்லை.

அவன் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அண்ணை, கத்தாதையுங்கோ. அளக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ரை வேலி வெளியாலை எண்டால் நான் புடுங்குறன்" என்றான்.

அடுத்த கிழமை நில அளவையாளர் வந்தார். பழைய வரைபடத்தை விரித்து, எல்லைக் கல்லைத் தேடிக் கிண்டி எடுத்து, வெயிலில் நின்று அளந்தார். நான் பக்கத்தில் கொப்பியோடு நின்றேன். அவனுடைய வேலி ஒழுங்கைக்குள் ஒரு அடி இரண்டு அங்குலம் வந்திருந்தது. பார்த்தாயா என்று நிமிர்ந்தேன். அவர் நாடாவை மறுபக்கம் இழுத்தார். எங்கள் மதில் ஐந்தடி வந்திருந்தது.

மறந்துபோய்விட்டேன் என்று சொல்லலாம். பொய். எங்கள் ஊரில் இதற்கு அரக்குவது என்று பெயர். மாரி தொடங்க வேலிக்குப் புதுக் கதியால் கம்புகள் நடுவோம். பழைய குழியில் நடமாட்டோம், ஒரு சாண் வெளியே தள்ளி நடுவோம். ஒருவரும் கண்டுகொள்ள மாட்டார்கள், அவரவர் வேலியிலும் அதே வேலை நடக்கும். நானும் வருசா வருசம் அரக்கினேன். கடைசியில் வேலியை எடுத்துவிட்டு, அரக்கின இடத்திலேயே அத்திவாரம் வெட்டி மதில் கட்டினேன். அன்றைக்கு அளவு நூலின் மறுநுனியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என் மனைவி. "நூல் வெளியாலை போகுது. ஒழுங்கை எல்லாருக்கும் பொதுத்தானே" என்றாள். "உமக்கு உந்தக் கதை தேவையில்லை. பிடிச்சுக்கொண்டு பேசாமல் நில்லும்" என்றேன். இந்தப் பெரிய நியாயவான்தான் வெல்டிங் கடையில் பிரசங்கம் வைத்தவன்.

அயல்வீட்டுக்காரன் நக்கலடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவன் அளவைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான். "அண்ணை, நான் நாளைக்கு என்ரையை எடுக்கிறன். நீங்களும் உங்கடையை எடுத்தால் ஓட்டோ உங்கடை படலை வரைக்கும் வரும். அண்ணியைத் தூக்கத் தேவையில்லை" என்றான்.

நான் என்ன சொன்னேன்? "யோசிப்பம்" என்றேன். ஒரு மதிலில் கை வைக்க மனமில்லாமல் முப்பது பக்கத்துக்குக் கார் வரைந்தவன், எல்லாம் வெளிச்சத்துக்கு வந்த பிறகும் யோசிப்பம் என்றேன். என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. மதிலோடு ஒட்டிக் கட்டிய குளியலறை போய்விடுமே, இரண்டு தென்னை போய்விடுமே என்றுதான் அந்த நேரம் என் மனம் ஓடியது.

பின்னேரம் அவளுக்குத் தேத்தண்ணி பருக்கினேன். அளந்தார்களா என்று கேட்டாள். அவனுடைய வேலி ஒரு அடி இரண்டு அங்குலம் வெளியே என்றேன். அதோடு நிறுத்தினேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எங்கடை?" என்றாள்.

"ஐஞ்சடி."

"தெரியும்" என்றாள்.

பிறகு வலக்கையால் இடக்கையைத் தூக்கி மடியில் வைத்து, சட்டைக் கையை மெல்ல மேலே இழுத்தாள். முழங்கையில் தோல் போய், கறுத்த பொருக்கு. நான் அறியாத புண் அல்ல. நாள்தோறும் மருந்து பூசுகிறவன் நான்தான். கட்டிலில் உரசி வந்தது என்று எண்ணிக்கொண்டு, அவளிடம் ஒரு நாளும் கேட்கவில்லை.

"அவன்ரை பக்கம் ஊத்தைத் தண்ணி எண்டு நீங்கள் மதில் பக்கமாய்த்தானே தூக்கிக்கொண்டு போறனீங்கள்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "எங்கடை மதிலுக்கு வெளியாலை சீமெந்து பூசேல்லை. இந்தக் கையை என்னாலை உள்ளை இழுக்க ஏலாது."