ஹலோவீனுக்குக் கேட்ட பாவசங்கீர்த்தனம்

ஹலோவீனுக்கு வேஷம் போடுகிற வயதை நான் எப்போதோ கடந்துவிட்டேன். மகள் கேட்டால்தானே. அஜின்கோர்ட்டில் பழைய உடுப்பு விற்கிற கடையொன்றிலிருந்து தனக்கு ஒரு டொக்டர் கோட்டும் எனக்கு ஒரு குருவானவர் அங்கியும் வாங்கி வந்தாள். மன்னார்க் கத்தோலிக்கனுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை என்று சொல்லத் தொடங்கினேன். "சில், அப்பா" என்று ஆங்கிலத்தில் என்னை ஆறச் சொன்னாள்.

மகள் டொக்டர் கோட்டைப் போட்டவுடனேயே பிழை தொடங்கிவிட்டது. இங்கே பிறந்து, சோறு வேண்டுமா என்றால்கூட ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை, என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ஐயாவுக்கு உப்பைக் குறைக்கச் சொல்லி ஒருத்தரும் சொல்லேல்லையோ?" என்று யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் மாதிரிக் கேட்டாள். கோட்டைக் கழற்றியதும் அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

நான் நம்பவில்லை. அங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு, எங்கள் மல்வேர்ன் டவுன்ஹவுஸ் வாசலில் சொக்லேட் பெட்டியோடு நின்றேன். பேத்தியோடு வந்த பக்கத்து வீட்டு அண்ணை, தன் தம்பியோடு கதையாமல் விட்ட காரணத்தை அரை மணித்தியாலம் சொன்னார். நான் இடையில் ஒரு சொல் சொல்லவில்லை. வாய் திறக்க வரவில்லை என்பதே சரி.

அண்ணை போனதும் மனைவி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கோயிலில் குருவானவரிடம் பாவத்தைச் சொல்ல இருக்கிறவள் மாதிரி எனக்குப் பக்கவாட்டில் இருந்தாள்.

"பாதர், பாவசங்கீர்த்தனம் செய்து நாலு வருசம்."

முகத்தில் பகிடி இல்லை.

"விட்பியிலை ஒரு வீடு பாத்தனாங்கள், பாதர். அவர் ரெண்டு வருசமா 'பாப்பம், பாப்பம்' எண்டுறார். நான் ஏஜென்டுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன். திங்கட்கிழமை பேப்பரோடை வாறார்."

எங்கள் ஆட்களிடம் 'பாப்பம்' என்றால் 'மாட்டன்' என்று அர்த்தம் என்பது இவளுக்குத் தெரியாதா? என் வேலை இங்கிருந்து இரண்டு பஸ் தரிப்பு. விட்பிக்குப் போனால் மிச்ச ஆயுள் ரயிலில். உள்ளே நான் துள்ளினேன். வெளியே வந்த குரலோ மெதுவாக, "ஏன் மகளே அவரிட்டைச் சொல்லேல்லை?" என்றது.

"அவர் ஒரு வசனத்தை முடிக்க விடமாட்டார், பாதர்."

பரிகாரமாக மூன்று 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லச் சொல்லி, மன்னிப்பும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மகளைப் போல எனக்கு மறந்தாவது தொலைந்திருக்கலாம். அங்கியைக் கழற்றிய கையோடு குசினிக்குப் போனேன்.

"ஏஜென்டுக்கு ஆரைக் கேட்டு..."

"பாவசங்கீர்த்தனத்திலை சொன்னதை வெளியிலை கதைக்கப்படாது" என்றாள், கோப்பை கழுவியபடி.

"நான் குருவானவரே இல்லை."

"அப்ப என்னத்துக்கு மன்னிச்சனீங்கள்?"

அடுத்த நாள் அங்கியைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று உடுப்புக் கடைக்குப் போன் எடுத்தேன். விற்ற உடுப்பைத் திருப்பி எடுப்பதில்லையாம். ஆருடைய அங்கி என்று கேட்டால், ஆரோ கொண்டுவந்து போட்ட பையில் இருந்ததாம்.

வேறு வழியில்லை. ஞாயிறு பின்னேரம், அங்கியில்லாமல் வெறும் சேட்டோடு மேசையில் மனைவிக்கு முன்னால் இருந்து, "சரி, சொல்லும்" என்றேன். நாற்பது நிமிஷம் பிடித்தது. இந்த மூன்று தட்டு வீட்டில் படி ஏறி இறங்கி அவளுடைய முழங்கால் போய்விட்டதாம். விட்பி வீட்டில் எல்லாம் ஒரே தட்டாம். நான் குறுக்கிட வேண்டிய இடம் குறைந்தது ஆறு தடவையாவது வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு தடவை உண்மையாகவே கடிபட்டு இரத்தம் வந்தது.

திங்கள் காலை அவளே ஏஜென்டுக்குப் போன் எடுத்தாள்.

"ஒரு கிழமை பொறுங்கோ, தம்பி. இவர் இப்பதான் கேக்கத் தொடங்கியிருக்கிறார்."